அல்பா: பல்சக்கரக் கம்பெனி செய்த கேமராவின் கதை

ஒளிவட்டம் எழுதியது:

பழைய ஃபிலிம் கேமரா என்று பேச்செடுத்தால் லைக்கா, நிக்கான், ரோலைஃப்ளெக்ஸ் என்று சுற்றிச் சுற்றி அதே பெயர்கள்தான் வருகின்றன. இந்த இழையை அல்பாவுக்கு ஒதுக்கலாம் என்று நினைக்கிறேன். கேள்விப்பட்டவர்களே குறைவு. கேள்விப்பட்டவர்களும் "சுவிஸ்காரன் கேமரா, யானை விலை குதிரை விலை" என்பதோடு விட்டுவிடுகிறார்கள்.

சுவிட்சர்லாந்தின் வோ மாநிலத்தில், பிரான்ஸ் எல்லையை ஒட்டிய ஜூரா மலைப்பகுதியில் பலேக் என்று ஒரு கிராமம். அங்கே 1918-இல் பின்யோன் என்ற கம்பெனி தொடங்கியது. செய்த பொருள் கேமரா அல்ல, கைக்கடிகாரத்துக்குள் போகும் பொடிப் பல்சக்கரங்கள். அந்த வட்டாரம் முழுக்கவே கடிகார வேலைதான். 1930-களின் மந்தத்தில் கடிகார விற்பனை விழுந்தபோது, பிறர் கடிகாரத்துக்கு உதிரி செய்து பிழைத்தவர்களின் பாடு திண்டாட்டமானது. நமக்கென்று சொந்தச் சரக்கு ஒன்று வேண்டும் என்று தேடிய நேரத்தில் வந்து சேர்ந்தவர் ஜாக் போகோபோல்ஸ்கி.

இந்த மனிதருக்குத் தனி இழையே போடலாம். 1895-இல் கீவ் நகரில் பிறந்தவர். ஜெனீவாவுக்குப் படிக்க வந்து அங்கேயே தங்கி, சினிமா கேமராவில் இறங்கி, போலெக்ஸை உருவாக்கினார். 1930-இல் அதை பயார் கம்பெனிக்கு விற்றுவிட்டு அடுத்த வேலை தேடியபோதுதான் பின்யோனின் தொடர்பு. அவர்களுக்காக 35 மி.மீ. ரிஃப்ளெக்ஸ் (லென்ஸ் காட்டும் படத்தையே உள்ளிருக்கும் கண்ணாடி வழியாகப் பார்க்கும் கேமரா) ஒன்றை வரைந்தார். போர் மூளும் சமயத்தில் அமெரிக்காவுக்குப் போய்விட்டார். மிச்சத்தைப் பலேக்காரர்கள் தாங்களாகவே முடித்தார்கள். 1940-களின் தொடக்கத்தில் போல்கா என்ற பெயரிலும், 1944 முதல் அல்பா என்ற பெயரிலும் கேமரா வெளியே வந்தது.

1990-இல் கம்பெனி திவாலானது. அதுவரை செய்தது மொத்தமே சுமார் 40,000 கேமரா. நிக்கான் எஃப் என்ற ஒரே மாடல் மட்டும் எட்டு லட்சத்துக்கு மேல் போனது.

"அல்பாவை ஜப்பான் சாய்த்தது" என்பது எல்லாரும் சொல்கிற முடிவு. எனக்கு அதில் பாதி சம்மதம்தான். ஜப்பான் வருவதற்கு முன்பே, 1940-களில் எடுத்த ஒரு வடிவமைப்பு முடிவிலேயே விதை இருந்தது என்பது என் கட்சி. முதலில் மற்றவர்கள் பேசுங்கள், அப்புறம் வருகிறேன்.


தகரடப்பா எழுதியது:

ஐம்பது வருஷத்தில் 40,000. வருஷத்துக்கு ஆயிரம்கூட இல்லை. இதைக் கம்பெனி என்பதா, பட்டறை என்பதா?

பணக்காரர்களின் பொம்மை, அவ்வளவுதான். கடைசிக் காலத்தில் தங்க முலாம் பூசியெல்லாம் விற்றார்களே. படம் எடுக்கிறவன் கேமராவுக்குத் தங்கம் எதற்கு?


மலர்_இருட்டறை எழுதியது:

தங்க முலாம் 1970-களின் கதை, தகரடப்பா சார். அதை வைத்து 1940-களைப் பார்த்தால் படம் மாறிவிடும்.

முதல் அல்பா ரிஃப்ளெக்ஸைப் பாருங்கள். மேலிருந்து குனிந்து பார்க்கும் ரிஃப்ளெக்ஸ் திரை. அதோடு அதே உடம்புக்குள் ரேஞ்ச்ஃபைண்டரும் (தனிச் சாளரம் வழியாகப் பார்த்துத் தூரத்தைக் கணிக்கும் கருவி) இருந்தது. இரண்டையும் ஒன்றாக அடைத்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் ரிஃப்ளெக்ஸ் திரை மங்கல், படம் இடம்வலம் மாறித் தெரியும், ஷட்டர் ஓடியதும் கண்ணாடி மேலேயே நின்றுவிடும். ஓடுகிற குழந்தையை அதில் பின்தொடர முடியாது. கிட்டத்துப் பூவுக்கு ரிஃப்ளெக்ஸ், தூரத்து ஆளுக்கு ரேஞ்ச்ஃபைண்டர் என்று இரண்டு வழியையும் திறந்து வைத்தார்கள். டிரெஸ்டனில் இஹாகே கம்பெனி 1936-இலேயே கினே எக்ஸாக்டாவைக் கொண்டுவந்திருந்தது, அதில் ரிஃப்ளெக்ஸ் மட்டும்தான்.

அப்புறம் 1949. பிரிஸ்மா ரிஃப்ளெக்ஸ். பிரிஸம் வைத்து, படம் நேராகத் தெரியும் அல்பா. அதே சமயம் கிழக்கு ஜெர்மனியில் கான்டாக்ஸ் எஸ், இத்தாலியில் ரெக்டாஃப்ளெக்ஸ். உலகத்திலேயே பிரிஸம் வைத்த எஸ்எல்ஆர் (ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ்) விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்தபோது அதில் ஒன்று ஒரு மலைக் கிராமத்திலிருந்து வந்தது. பட்டறை என்றாலும் கெட்டிக்காரப் பட்டறைதான்.

ஒரு வேடிக்கை: அந்த பிரிஸத்தில் கண் வைக்கும் துளை நேராகப் பின்னால் இல்லை, 45 பாகை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். மேசை மேல் பொருளை வைத்துப் படம் எடுக்கிறவருக்கு அது சுகம். தெருவில் நின்று எடுக்கிறவருக்குக் கழுத்து வலி. 1960 வாக்கில் 6சி வந்தபோதுதான் நேராகப் பார்க்கும் பிரிஸம் கிடைத்தது.

1950-களில் 4, 5, 6, 7 என்று நான்கு மாடல். 4-இல் பிரிஸம் இல்லை. 5-இல் பிரிஸம். 6-இல் பிரிஸமும் சுயமாக இயங்கும் டைமரும். 7-இல் இவற்றோடு ரேஞ்ச்ஃபைண்டரும். ஒரே உடம்பு, உள்ளே எவ்வளவு அடைக்கலாம் என்பதுதான் எண்.


கியர்மணி எழுதியது:

பழுது பார்க்கிறவன் என்ற முறையில் கையில் எடுத்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். எனக்குப் பழக்கமானவை 6சி, 9டி.

முதலில் குழப்புவது ஃபிலிம் நகர்த்தும் லீவர். எல்லாக் கேமராவிலும் கட்டைவிரலால் பின்னாலிருந்து முன்னால் தள்ளுவோம். அல்பாவில் நேர் எதிர். லீவரின் நுனி முன்பக்கம் எட்டிப் பார்க்கும், ஆள்காட்டி விரலால் கொக்கி போட்டு உங்கள் பக்கம் இழுக்கவேண்டும். முதல் நாள் கை தடுமாறும். பழகிவிட்டால் ஒரு சௌகரியம் புரியும்: அதே விரல் லீவரை விட்டு இறங்கினால் நேராக ஷட்டர் பொத்தானில் நிற்கும்.

ஏனென்றால் பொத்தான் மேல் தகட்டில் இல்லை, முன்முகத்தில் இருக்கிறது. அதற்கு நேர் முன்னால் லென்ஸிலிருந்து ஒரு குட்டிக் கை நீண்டு வந்து நிற்கும். நாம் அழுத்துவது அந்தக் கையின் நுனியை. அழுத்தத் தொடங்கியதும் லென்ஸுக்குள் அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) நாம் வைத்த அளவுக்குச் சுருங்கும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் கையின் உட்புறக் குச்சி பாடியின் பொத்தானைத் தொடும், ஷட்டர் ஓடும். மெதுவாக அழுத்திப் பார்த்தால் இரண்டு கட்டமும் விரலிலேயே தெரியும். எக்ஸாக்டாவிலும் இதே ஏற்பாடுதான், அங்கே இடது கைக்கு.

இதைக் கவனியுங்கள்: லென்ஸுக்கும் பாடிக்கும் உள்ளே எந்தத் தொடர்பும் இல்லை. லென்ஸ் மாட்டும் இடமான மவுண்ட் வளையத்துக்குள் குச்சி இல்லை, நெம்புகோல் இல்லை. எல்லாம் வெளியில், ஒரு கை வழியாக. ஒளிவட்டம் அண்ணன் "வடிவமைப்பு முடிவு" என்றது இதைத்தானா?


ஒளிவட்டம் எழுதியது:

அதேதான் மணி. இப்போது என் பங்கைச் சொல்கிறேன்.

பின்யோன் கம்பெனியிடம் உலோக வேலை இருந்தது, கண்ணாடி வேலை இல்லை. லைக்காவுக்கு சொந்த லென்ஸ் உண்டு, நிக்கானுக்கு லென்ஸ்தான் முதல் தொழிலே. அல்பாவோ முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை லென்ஸை வெளியில்தான் வாங்கியது. பிரான்சிலிருந்து ஆன்ஷெனியூ, கினோப்டிக். ஜெர்மனியிலிருந்து ஷ்னைடர், கில்ஃபிட். நெதர்லாந்திலிருந்து ஓல்ட் டெல்ஃப்ட். பல லென்ஸ்களுக்கு "அல்" என்று தொடங்கும் பெயரை வைத்துக்கொண்டார்கள். ஓல்ட் டெல்ஃப்ட் செய்த 50 மி.மீ. லென்ஸ் அல்ஃபினான், ஆன்ஷெனியூ செய்த 90 மி.மீ. லென்ஸ் அல்ஃபிடார்.

இத்தனை நாட்டில் இத்தனை பேர் லென்ஸ் செய்து தரவேண்டும் என்றால் மவுண்ட் எளிமையாக இருப்பது பெரிய வசதி. மணி சொன்ன அந்த வெளிக்கை அதைத்தான் கொடுத்தது. லென்ஸ்காரர் அளவைப் பார்த்து வளையத்தைக் கடைந்து, பக்கத்தில் ஒரு கை வைத்துக் கொடுத்தால் போதும். பாடியின் உள்ளே எட்டிப் பார்க்கவே வேண்டாம்.

ஆனால் இந்த லென்ஸ்களிலெல்லாம் கிரீடம் சுவிஸ் லென்ஸுக்குத்தான். ஆராவ் ஊரில் கெர்ன் என்ற கம்பெனி. 1819-இல் தொடங்கியது, நில அளவைக் கருவிகளுக்குப் பேர்போனது, போலெக்ஸுக்கு ஸ்விட்டார் லென்ஸ் செய்ததும் அவர்களே. போகோபோல்ஸ்கியின் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே இடத்திலிருந்து கண்! அல்பாவுக்கு அவர்கள் செய்த மேக்ரோ-ஸ்விட்டார் 50 மி.மீ., அப்பர்ச்சரின் முழுத் திறப்பு எஃப் 1.8. பிற்பாடு 1.9 ஆனது. சாதாரண 50 மி.மீ. லென்ஸ்கள் அரை மீட்டர் தூரத்தில் நின்றுவிடும் காலத்தில் இது 28 செ.மீ. வரை நெருங்கியது. அதாவது பொருளின் அளவில் மூன்றில் ஒரு பங்கு ஃபிலிமில் விழும். ஆளின் முகத்தை எடுத்த லென்ஸைக் கழற்றாமலே அவர் கையிலுள்ள மோதிரத்தையும் எடுக்கலாம். அபோகுரோமாட் என்றும் விளம்பரம் செய்தார்கள்: நிறங்கள் ஒரே புள்ளியில் சேரும், ஓரங்களில் ஊதா படியாது.


தகரடப்பா எழுதியது:

அபோகுரோமாட் என்று விளம்பரத்தில் போடுவதற்குக் காசா பணமா.

சரி, லென்ஸ் நல்லது என்றே வைத்துக்கொள்வோம். பாடி ஒருவன், லென்ஸ் ஆறு பேர். அப்படியானால் அல்பாவின் சொந்தச் சாதனை என்ன? நல்ல லென்ஸ் எல்லாவற்றுக்கும் ஒரு விலையுயர்ந்த பெட்டி. அவ்வளவுதானே?


மலர்_இருட்டறை எழுதியது:

பெட்டிதான் சார், ஆனால் அந்தப் பெட்டியின் ஆழத்தைப் பாருங்கள். எனக்கு அல்பாவில் பிடித்ததே அந்த ஓர் எண்தான்.

லென்ஸ் உட்காரும் வளையத்திலிருந்து ஃபிலிம் வரையுள்ள தூரம் அல்பாவில் 37.8 மி.மீ. எக்ஸாக்டாவில் 44.7. எம்42 திருகு மவுண்டில் 45.46. நிக்கானில் 46.5. நடுவில் கண்ணாடி எழும்பி இறங்கவேண்டும் என்பதால் எஸ்எல்ஆரில் இந்தத் தூரத்தைக் குறைப்பது லேசான காரியம் அல்ல.

குறைத்தால் என்ன கிடைக்கும்? நிக்கான் லென்ஸ் ஃபிலிமிலிருந்து 46.5 மி.மீ. தள்ளி இருந்தால்தான் தொலைவில் உள்ளது தெளிவாக விழும். அல்பாவில் 8.7 மி.மீ. தடிமனுள்ள வளையத்தை இடையில் போட்டால் கணக்கு சரி. எம்42 லென்ஸுக்கு 7.66 மி.மீ. வளையம். எக்ஸாக்டாவுக்கு 6.9. அந்த வளையத்தில் கூடுதல் லென்ஸ் கண்ணாடி எதுவும் வேண்டாம், வெறும் உலோகம். இதுவே அல்பா லென்ஸை நிக்கானில் மாட்டினால் லென்ஸ் ஏற்கனவே தூரம் தள்ளிப் போய்விடும். கிட்டத்துப் பொருள் மட்டும்தான் கிடைக்கும், மலை கிடைக்காது.

ஆக அல்பா வைத்திருந்தவர் ஊரிலுள்ள எஸ்எல்ஆர் லென்ஸ் பலவற்றையும் மாட்டலாம். கம்பெனியே அடாப்டர் விற்றது. அடுத்தவன் லென்ஸை மாட்ட வசதி செய்து கொடுத்து அதற்குக் காசும் வாங்கியது எந்தப் பெரிய கம்பெனி, சொல்லுங்கள்?


தகரடப்பா எழுதியது:

இது நல்ல பாயின்ட். ஒத்துக்கொள்கிறேன். சொந்த லென்ஸ் இருக்கிறவனுக்கு அந்த மனசு வராது, லென்ஸ் இல்லாதவனுக்கு வரும். தர்மம் இல்லை, வியாபாரம்.


ஒளிவட்டம் எழுதியது:

வியாபாரம்தான், யார் இல்லை என்றது.

இனி என் கட்சி. இந்த இரண்டு குணமும் (உள்தொடர்பு இல்லாத மவுண்ட், எந்த லென்ஸும் ஏறும் பாடி) 1950-களில் வரம். 1960-களின் நடுவில் அதுவே முட்டுக்கட்டை. என்ன நடந்தது? லென்ஸ் வழியாகவே வெளிச்சம் அளக்கும் மீட்டர் வந்தது. 1963-இல் டாப்கான் ஆர்ஈ சூப்பர், 1966-இல் மினோல்டா எஸ்ஆர்டி 101. இவற்றில் அப்பர்ச்சர் முழுக்கத் திறந்திருக்கும்போதே மீட்டர் கணக்குப் போடும். நீங்கள் லென்ஸில் எஃப் 8 வைத்திருக்கிறீர்கள் என்று பாடிக்குத் தெரியும். எப்படித் தெரியும்? மவுண்டில் ஒரு தொடர்பு இருப்பதால்.

அல்பாவும் சும்மா இருக்கவில்லை. 1960-களின் நடுவில் 9டி வந்தது, லென்ஸ் வழி மீட்டரோடு. ஆனால் லென்ஸில் என்ன அப்பர்ச்சர் என்று பாடிக்குத் தெரிய வழியே இல்லை. ஆகவே நிஜமாகவே அப்பர்ச்சரைச் சுருக்கித்தான் அளக்கவேண்டும். சுருக்கினால் வியூஃபைண்டர் இருளும். இருண்ட திரையில் ஃபோக்கஸ் சரிபார்க்கமுடியாது. ஃபோக்கஸ் செய், சுருக்கு, அள, திரும்பத் திற, சட்டகம் பார், எடு. 10டி, 11ஈ, 11எஸ்ஐ என்று மாடல்கள் மாறின, உள்ளே மீட்டர் நவீனமானது, அளவைக் காட்டப் பல்பு வந்தது, இந்தச் சடங்கு மட்டும் மாறவில்லை.

மாற்றியிருக்கலாமே என்பீர்கள். மாற்றினால் புது மவுண்ட். புது மவுண்ட் என்றால் லென்ஸ் செய்து தருகிற அத்தனை பேரும் புது லென்ஸ் செய்யவேண்டும். வருஷத்துக்குச் சில நூறு லென்ஸ் வாங்குகிற வாடிக்கையாளருக்காக எவர் அச்சை மாற்றுவார்? சொந்த லென்ஸ் இருந்த நிக்கானுக்கு இந்தச் சிக்கல் வீட்டுக்குள் முடியும் விஷயம். பலேக்கில் அது வெளியுறவுக் கொள்கை!


கியர்மணி எழுதியது:

அண்ணே, வெளிச்சம் அளக்கும் சடங்கு பற்றிச் சொன்னது சரி. ஆனால் அந்தக் கேமராவை வாங்கினவர்களில் பலருக்கு அது குறையே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆய்வகங்களில் வைத்து எடுத்தவர்கள், நாணயம், பூச்சி, ஆவணம் எடுத்தவர்கள். முக்காலி மேல் கேமரா, அசையாத பொருள். அங்கே எப்படியும் அப்பர்ச்சரைச் சுருக்கித்தான் வேலை. அவசரம் யாருக்கு?

அல்பா அந்தக் கூட்டத்துக்கே கடை விரித்தது. வெளியே ஓடி ஓடி எடுக்கிற பத்திரிகைக்காரர் நிக்கான் பக்கம் போய்விட்டார்.


மலர்_இருட்டறை எழுதியது:

எனக்கு இங்கே இன்னொரு சின்னக் கம்பெனி நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தின் கார்ஃபீல்ட். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் வெளிநாட்டுக் கேமரா இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. லைக்கா வாங்க வழியில்லை. கென்னத் கார்ஃபீல்ட் என்பவர் வுல்வர்ஹாம்ப்டனில் 1953-இல் பெரிஃப்ளெக்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். லைக்காவின் திருகு மவுண்ட்டே. ரேஞ்ச்ஃபைண்டருக்குப் பதிலாக ஒரு குட்டி பெரிஸ்கோப்பை ஃபிலிமுக்கு முன்னால் இறக்கி, படத்தின் நடுத்துண்டை மட்டும் பெரிதாகக் காட்டி ஃபோக்கஸ் செய்யவைத்தார். ஷட்டரை அழுத்தியதும் பெரிஸ்கோப் துள்ளி மேலே போய்விடும். அசட்டுத் துணிச்சல், ஆனால் வேலை செய்தது.

அப்புறம் பீர் கம்பெனியான கின்னஸ் பணம் போட்டது, 1959-இல் வட அயர்லாந்தின் பாலிமணிக்குத் தொழிற்சாலை போனது. அதே காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடும் தளர்ந்தது. 1960-களின் தொடக்கத்தில் கேமரா வேலை நின்றுவிட்டது. கார்ஃபீல்டைக் காப்பாற்றியது சட்டம், சட்டம் போனதும் அதுவும் போயிற்று. அல்பாவுக்கு அப்படி வேலி எதுவும் கிடையாது. திறந்த சந்தையில் 1990 வரை நின்றது. அதையும் கணக்கில் வைக்கவேண்டும்.


தகரடப்பா எழுதியது:

நின்றது என்கிறீர்கள். 1970-களில் ஜப்பானின் சினான் செய்த கேமராவுக்கு அல்பா எஸ்ஐ 2000 என்று பெயர் ஒட்டி விற்றார்களே, அது நின்றதா, சாய்ந்ததா? அதில் எம்42 திருகு மவுண்ட். அல்பாவுக்கென்று செய்த லென்ஸே அதில் ஏறாது!


ஒளிவட்டம் எழுதியது:

அது எனக்கும் மனசுக்கு ஒப்பாத அத்தியாயம்தான். வந்தவர்களையெல்லாம் ஏற்றிக்கொண்ட மவுண்டுக்காரர்கள், தங்கள் பெயர் போட்ட கேமராவில் தங்கள் லென்ஸை ஏற்றமுடியாமல் போனார்கள்.

ஆனால் காலத்தையும் பாருங்கள். 1970-களில் சுவிஸ் பிராங்கின் மதிப்பு மளமளவென்று ஏறியது. ஏற்கனவே விலை அதிகமான பொருள், வெளிநாட்டுக்காரருக்கு இன்னும் எட்டாத உயரத்துக்குப் போயிற்று. அதே சமயம் குவார்ட்ஸ் கடிகாரம் வந்து ஜூரா பகுதியின் கடிகாரத் தொழிலையே உலுக்கியது. 1930-களில் கடிகாரம் படுத்தபோது கேமரா கைகொடுத்தது. இந்த முறை இரண்டும் ஒன்றாகப் படுத்தன. கெர்ன் கம்பெனியும் 1980-களின் கடைசியில் வில்ட் என்ற கம்பெனியின் கைக்குப் போய், கொஞ்ச காலத்தில் மூடப்பட்டது.

பெயர் மட்டும் பிழைத்தது. 1996-இல் சூரிச்சைச் சேர்ந்த கபாவுல், வெபர் இருவரும் அல்பா பெயரை வாங்கி, முற்றிலும் வேறு மாதிரியான நடுத்தர ஃபார்மேட் (35 மி.மீ.யைவிடப் பெரிய சட்டகம்) கேமரா செய்யத் தொடங்கினார்கள். அல்பா 12 அவர்களுடையது. அதிலும் லென்ஸ் வெளியாருடையதுதான். பழக்கதோஷம்!

போகோபோல்ஸ்கியை விட்டுவிட்டோமே. அமெரிக்காவில் போல்சி என்று பெயரைச் சுருக்கிக்கொண்டு, 1947-இல் போல்சி பி என்ற கையடக்கமான ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை விட்டார். சாமானியர் வாங்கக்கூடிய விலை. 1962-இல் காலமானார். யானை விலைக் கேமராவின் முதல் வரைபடத்தைப் போட்டவரே மலிவுக் கேமராவும் செய்தார் என்பதைத் தகரடப்பா கவனிக்கவும்.


தகரடப்பா எழுதியது:

கவனித்தேன். போல்சி எனக்குப் பிடித்துவிட்டது. அதற்கு ஒரு இழை போடுங்கள்.


புதுரோல் எழுதியது:

இத்தனை நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு சந்தேகம். மேக்ரோ-ஸ்விட்டார் லென்ஸை டிஜிட்டலில் போட்டுப் பார்க்க ஆசை. என்னிடம் கேனான் டிஎஸ்எல்ஆர் இருக்கிறது. அடாப்டர் கிடைக்குமா?


மலர்_இருட்டறை எழுதியது:

டிஎஸ்எல்ஆரில் சரிப்படாது தம்பி. மேலே சொன்ன கணக்குதான். கேனான் ஈஎஃப் மவுண்டில் தூரம் 44 மி.மீ., லென்ஸ் எதிர்பார்ப்பது 37.8. கிட்டத்துப் படம் மட்டும்தான் வரும். மிரர்லெஸ் (உள்ளே எழும்பி இறங்கும் கண்ணாடி இல்லாத டிஜிட்டல் கேமரா) என்றால் பிரச்சினை இல்லை. சோனி ஈ மவுண்டில் தூரம் 18 மி.மீ., ஆகவே 19.8 மி.மீ. வளையம். இந்த லென்ஸுக்கு இப்போது இவ்வளவு மவுசு வந்ததற்கு மிரர்லெஸ்தான் காரணம்.


கியர்மணி எழுதியது:

கூடவே ஒன்று. மிரர்லெஸில் மாட்டினாலும் அந்தக் குட்டிக் கை நீண்டுகொண்டேதான் இருக்கும், அழுத்த எதிரில் பொத்தான் இருக்காது. அதை அழுத்தும்போது அப்பர்ச்சர் சுருங்குகிறதா, விட்டதும் சட்டென்று திறக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள். பழைய மசகு கெட்டியாகி இதழ்களில் பரவியிருந்தால் மெல்ல மெல்லத் திறக்கும், சுத்தம் செய்தே ஆகவேண்டும். ஃபோக்கஸ் வளையத்தையும் 28 செ.மீ. முனை வரை முழுக்கத் திருப்பிப் பாருங்கள். நெடிய மரை, நடுவில் எங்கேயாவது இறுகினால் வேண்டாம்.